கண்மாயும் நிலைபேற்றியலும்

வைகையாறு வருசநாட்டு மலைகளில் தோன்றி, மதுரை மாநகரின் நடுவே சென்று, கிழக்கே இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை நோக்கி ஓடுகின்றது. அதன் நீளம் 258 கிலோமீட்டர். ஆண்டின் பெரும்பகுதியில் அவ்வாற்றில் நீரினும் மணலே மிகுதியாகக் காணப்படும். மதுரை வட்டாரத்தில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறத்தாழ 85 சென்டிமீட்டர். அதிலும் ஏறக்குறையப் பாதி ஐப்பசி, கார்த்திகைத் திங்களையொட்டிய வடகிழக்குப் பருவக்காற்றினால் சில வாரங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். எஞ்சிய காலத்தில் வெயிலே ஆட்சி செலுத்தும். அத்தகைய நிலத்தில் பல நூற்றாண்டுகளாக நெல் விளைந்து வந்திருக்கின்றது. சில வாரத்து மழையைக் கொண்டு பல மாதத்துப் பயிரை வளர்க்கும் வழியை இந்நிலத்து மக்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டறிந்திருந்தனர். அவ்வழியே கண்மாய்.

பிற மாவட்டங்களில் ஏரி என வழங்குவதை மதுரை, இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் கண்மாய் என்பர். சரிந்து செல்லும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறைவடிவாக மண்கரை எழுப்பப்படும். மேட்டுநிலத்து மழைநீர் வரத்துக்கால் வழியாக வந்து கரைக்குள் தேங்கும். கரையினடியில் மடைகள் இருக்கும். அவற்றின் வழியே நீர் ஆயக்கட்டு வயல்களுக்குப் பாயும். நீர் அளவுக்கு மிஞ்சினால் கரை உடையாதவாறு அதனை வெளியேற்றுவதற்குக் கலிங்கு அமைந்திருக்கும். கலிங்கின்மேல் வரிசையாக நடப்பட்ட குத்துக்கற்கள் வீணாக நிற்பவை அல்ல. மழைக்காலத்தின் இறுதியில் அக்கற்களுக்கிடையே மண்ணும் வைக்கோலும் அடைத்து, நீர்மட்டத்தைச் சிறிது உயர்த்திக்கொள்வர். புயலும் பெருவெள்ளமும் வரக்கூடிய காலத்தில் அவ்வாறு அடைப்பதில்லை. எப்பொழுது அடைப்பது, எப்பொழுது திறப்பது என்பது அனுபவத்தால் வரும் அறிவாகும்.

கலிங்கைத் தாண்டிய நீர் மறுகாலாக ஓடி அடுத்த ஊர்க் கண்மாய்க்குச் செல்லும். அங்கிருந்து அதற்கடுத்த கண்மாய்க்குச் செல்லும். இங்ஙனம் சங்கிலிபோல் பல கண்மாய்கள் பிணைந்திருத்தலால், மேலூரார் வரத்துக்காலை அடைத்தால் கீழூரார் பட்டினி கிடக்க நேரிடும். மேற்கண்மாயின் கரை உடைந்தாலோ கீழ்க்கண்மாய்க்கும் கேடு விளையும். ஆகவே ஓர் ஊரின் கண்மாய் அவ்வூருக்கு மட்டுமே உரிய பொருளன்று. தமிழ்நாட்டில் இத்தகைய நீர்நிலைகள் ஏறத்தாழ 39,000 உள்ளன எனக் கணக்கிட்டுள்ளனர். நீரைத் தேக்குதல் அரசின் கடமை என்ற கருத்து மிகப் பழமையானது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு, நீர்நிலை பெருக்குமாறு குடபுலவியனார் அறிவுரை கூறிய பாடல் புறநானூற்றில் பதினெட்டாவதாக உள்ளது.

கண்மாய் ஒருமுறை வெட்டினால் என்றும் நிற்பது அன்று. ஆண்டுதோறும் வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும். அதனை அள்ளாது விட்டால், நாளடைவில் கண்மாய் மேடாகிவிடும். பண்டு கோடைக்காலத்தில் உழவர்கள் வண்டிகளில் கரம்பை மண்ணை அள்ளிச் சென்று தத்தம் வயல்களில் இட்டனர். கண்மாய் ஆழமாயிற்று, வயல் உரம் பெற்றது. ஒரு செயலால் இரு பயன் விளைந்தது. கரையைச் செப்பனிடவும் வரத்துக்காலைத் தூர்வாரவும் வீட்டுக்கு ஓர் ஆள் வருதல் வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. இதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வழக்கம் தளரத் தொடங்கவே, 1858 இல் சென்னை மாகாணத்தில் இதற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. மக்கள் தாமே செய்துவந்த பணியைச் சட்டத்தினால் கட்டாயப்படுத்த நேர்ந்தமையே, அதனைத் தாங்கிநின்ற அமைப்புச் சிதைந்து வந்ததற்குச் சான்று எனலாம்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. ஒரு பொருளைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தியும் அது குன்றாதிருக்கச் செய்வது எங்ஙனம்? மண்ணியலார் வண்டலைப்பற்றிக் கூறுவர்; பொறியியலார் கரையின் வலிமையைக் கணக்கிடுவர்; பயிர்நூலார் நெல்லுக்கு வேண்டும் நீரை அளப்பர்; பொருளியலார் செலவையும் வரவையும் ஒப்பிடுவர். ஆயினும் இவர்களுள் எவரும் தனித்து நின்று அவ்வினாவிற்கு முழு விடை கூறுதல் இயலாது. மண், நீர், மக்கள், சட்டம், சாதி, சந்தை ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கியுள்ளன. இவ்வினாவையே தன் மையப் பொருளாகக் கொண்ட அறிவுத்துறை ஒன்று இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகப் பல்கலைக்கழகங்களில் உருப்பெற்றது. அதனை நிலைபேற்றியல் எனலாம்.

அத்துறையின் பெயர் புதிது. அதன் கருத்து புதிதன்று. ஜெர்மானிய நாட்டில் சாக்சனிச் சுரங்கங்களை மேற்பார்த்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் என்பவர் 1713 இல் காடு வளர்ப்பைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வெள்ளியை உருக்குவதற்காக மரங்கள் வெட்டப்பட்டுக் காடுகள் அருகியதைக் கண்டு, வளரும் அளவுக்கு மேல் வெட்டலாகாது என்று அவர் வற்புறுத்தினார். அக்கொள்கையைப் பின்பற்றிய ஜெர்மானியரான டீட்ரிக் பிராண்டிஸ் 1856 இல் பர்மாவின் தேக்குக்காடுகளுக்கும், 1864 இல் இந்தியக் காடுகள் அனைத்திற்கும் தலைமை ஏற்றார். காட்டுமரங்களைக் கணக்கிட்டு வெட்டும் முறை அவரால் இந்நாட்டில் வேரூன்றியது. ஆனால் 1878 ஆம் ஆண்டின் காட்டுச் சட்டமும் 1882 ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டமும், காட்டையே நம்பி வாழ்ந்த மக்களின் உரிமைகளைச் சுருக்கின. மரம் நிலைத்தால் போதுமா, மரத்தோடு வாழ்பவரும் நிலைக்க வேண்டாவா என்ற வினாவை அக்காலத்து வனநூலார் பெரிதாகக் கருதவில்லை.

அவ்வினாவைத் தம் வாழ்நாள் வினாவாகக் கொண்ட தமிழர் ஒருவர் உண்டு. அவர் ஜே. சி. குமரப்பா. 1892 இல் தஞ்சையில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த குமரப்பா, இலண்டனில் கணக்கியல் பயின்று தணிக்கையாளராகத் தொழில் புரிந்தார். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பற்றி ஆராய்ந்தார். இந்தியாவின் வறுமைக்கு அரசின் வரிமுறை எவ்வளவில் காரணம் என்பதே அவர் ஆய்வின் பொருள். வருவாயும் வளமும் மிக்க தொழில் அவருக்குக் காத்திருந்தது. எனினும் 1929 இல் சபர்மதியில் காந்தியடிகளைக் கண்டபின் அவர் வாழ்க்கை திசை திரும்பிற்று. மேனாட்டு உடையைக் களைந்து கதர் உடுத்தினார். குசராத்தில் மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருள்நிலையை ஆராயும் பணியை மேற்கொண்டார். பின்னர் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலாளராக நெடுங்காலம் உழைத்தார்.

‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தின்போது சிறைப்பட்ட குமரப்பா, சபல்பூர்ச் சிறையில் இருந்தவாறே ஒரு நூல் எழுதினார். நிலைபேற்றுப் பொருளாதாரம் என்று தமிழிற் கூறத்தக்க பெயருடைய அந்நூல், காந்தியடிகளின் முன்னுரையோடு 1945 இல் வெளிவந்தது. ஐக்கிய நாடுகள் அவை இப்பொருளைப்பற்றிப் பேசத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, ‘நிலைபேறு’ என்னும் சொல்லைப் பொருளியல் நூலொன்றின் தலைப்பில் அவர் அமைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இயற்கையில் உயிர்கள் உணவு தேடும் முறைகளைக் கொண்டு, குமரப்பா பொருளாதாரத்தை ஐந்து வகையாகப் பிரித்தார். புலி பிற உயிரைக் கொன்று வாழ்கின்றது. உண்ணும் பொருளையே அழித்துவிடுகின்றது. குரங்கு தோப்பிற் புகுந்து பழத்தைப் பறிக்கின்றது. மரத்தை அழிப்பதில்லை, எனினும் மரத்திற்கு ஒன்றும் அளிப்பதுமில்லை. மூன்றாவது வகை தன் உழைப்பால் கூடு கட்டி வாழும் பறவையின் வழி. நான்காவது, தனக்கென்றல்லாமல் தன் கூட்டத்திற்கெனத் தேன் சேர்க்கும் தேனீயின் வழி. குஞ்சின் பொருட்டுப் பயன் கருதாது உழைக்கும் தாய்ப்பறவையின் வழி ஐந்தாவது. முதலிரண்டும் நிலையாதன, பின்னைய மூன்றும் படிப்படியாக நிலைபேற்றை நோக்கிச் செல்வன என்பது அவர் கருத்து. தேனீ மலரிலிருந்து தேனை எடுக்குங்கால் மகரந்தத்தைப் பரப்பி மலருக்கும் உதவுகின்றது என அவர் காட்டியது, கரம்பை அள்ளிய உழவனுக்கும் பொருந்தும்.

இதனினும் ஆழ்ந்தது அவர் செய்த மற்றொரு பாகுபாடு. நிலக்கரி, மண்ணெண்ணெய், உலோகத்தாது ஆகியவை பூமியில் சேர்ந்து கிடக்கும் இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும், மீண்டும் நிரம்பா. ஆற்றுநீர், காட்டுமரம், பயிர்விளைவு ஆகியவையோ ஓட்டம். அளவறிந்து எடுத்தால் ஆண்டுதோறும் புதிதாக வந்துகொண்டேயிருக்கும். இருப்பையே நம்பி வாழும் நாடுகள் எஞ்சிய இருப்பிற்காக ஒன்றோடொன்று போரிட நேரும் என்று அவர் எச்சரித்தார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் சிறைக்குள் இருந்து எழுதியவர் அவர் என்பதை இங்கு நினைவுகூர்தல் வேண்டும்.

விடுதலைக்குப் பின்னர் நாடு பெரிய அணைகளையும் பெரிய ஆலைகளையும் நாடிச் சென்றது. குமரப்பாவின் குரல் தனித்து ஒலித்தது. உடல்நலம் குன்றிய அவர், தம் இறுதி ஆண்டுகளை மதுரைக்குத் தென்மேற்கே தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்திற் கழித்தார். 1960 சனவரி 30 ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், அவர் காலமானார். அவருடைய கருத்துகளை மேனாட்டார்க்கு அறிமுகம் செய்தவருள் ஒருவர் பொருளியலறிஞர் எர்ன்ஸ்ட் ஷூமாக்கர்; சிறியதே அழகு என்னும் பொருள்படத் தலைப்பிட்டு 1973 இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில் அவர் குமரப்பாவை எடுத்துக்காட்டியுள்ளார். கல்லுப்பட்டிக்கு அருகில் வாழ்ந்தவரை அயல்நாட்டு நூலின் வழியாகவே பலர் அறிய நேர்ந்தது வியப்பிற்குரியது.

இதற்கிடையில் உலக அரங்கிலும் சிந்தனை மாறிவந்தது. 1968 இல் உயிரியலறிஞர் காரட் ஹார்டின், பொதுமேய்ச்சல் நிலத்தை ஒவ்வொருவரும் தம் நலம் கருதியே பயன்படுத்துவராதலின் அது அழிந்தே தீரும் என்று ஒரு கட்டுரை எழுதினார். 1972 இல் ஸ்டாக்ஹோமில் மானிடச் சூழல் மாநாடு கூடிற்று. நார்வே நாட்டின் குரோ ஹார்லெம் புருண்ட்லாந்து அம்மையாரின் தலைமையில் அமைந்த ஆணையம், பின்வரும் தலைமுறையினரின் தேவைகளுக்கு ஊறு நேராவண்ணம் இற்றைத் தேவைகளை நிறைவேற்றும் வளர்ச்சியே வேண்டுவது என 1987 இல் அறிவித்தது. அது நல்ல குறிக்கோள். ஆயினும் குறிக்கோள் மட்டுமே அறிவியல் ஆகாது.

ஹார்டின் கூறியது உண்மையாயின் கண்மாய்கள் என்றோ அழிந்திருக்க வேண்டும். பொதுச்சொத்து அழிந்தே தீரும் என்பது ஆய்ந்து கண்ட முடிபா, வெறும் அனுமானமா? இதனை ஆராயப் புகுந்தவர் அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார். சுவிட்சர்லாந்தின் மலைமேய்ச்சல் நிலங்கள், ஸ்பெயின் நாட்டு வலென்சியாவின் கால்வாய்கள், இலங்கையின் கல்லோயாப் பாசனம் முதலியவற்றை ஒப்புநோக்கி, 1990 இல் தம் நூலை வெளியிட்டார். எல்லை வரையறுக்கப்பட்டு, விதிகளைப் பயனாளரே வகுத்து, கண்காணிப்பவர் அவர்களுக்கே பொறுப்புடையவராகி, தவறுக்கேற்பத் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக உயருமாயின், பொதுச்சொத்து நூற்றாண்டுக் கணக்கில் நிலைக்கும் எனச் சான்றுகளோடு நிறுவினார். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் கிடைத்தது. அத்துறையில் அப்பரிசு பெற்ற முதற் பெண்மணி அவரே.

இத்தகைய ஆராய்ச்சிகள் பல துறைகளிலும் சிதறிக் கிடந்தன. 1999 இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் அவற்றை ஒருங்கே நோக்க வேண்டியதன் தேவையை ஓர் அறிக்கையில் எடுத்துரைத்தது. 2000 அக்டோபர்த் திங்களில் சுவீடன் நாட்டு ஃபிரீபெர்க்கில் பல நாட்டு அறிஞர் கூடி ஆராய்ந்தனர். அடுத்த ஆண்டில் புவியியலறிஞர் இராபர்ட் கேட்ஸ், ஹார்வர்டுப் பேராசிரியர் வில்லியம் கிளார்க் முதலானோர் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய சிறு கட்டுரை, இப்புதிய துறைக்குப் பெயர் சூட்டி, அது விடை காணவேண்டிய ஏழு வினாக்களையும் வகுத்தது. 2006 இல் டோக்கியோவை மையமாகக் கொண்டு இத்துறைக்கெனத் தனி இதழ் ஒன்று தொடங்கிற்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் இதற்கெனத் தனிப் பள்ளியே நிறுவியது. பிற அறிவியல்கள் முறையால் வேறுபடுவன. மருத்துவம்போல இவ்வியல் தீர்க்க முனையும் துன்பத்தால் வேறுபடுவது. அறிஞர் மட்டுமன்றி, நிலத்தில் வாழ்வோரும் இதில் ஆராய்ச்சியாளராதல் வேண்டும் என்பது இதன் கொள்கை.

இக்கொள்கைக்கு மதுரைச் சமவெளியே சிறந்த ஆய்வுக்களம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மின்சாரம் சிற்றூர்களுக்கு வந்தது. வசதியுடைய உழவர் கிணறு வெட்டி நீரிறைக்கும் பொறி பொருத்தினர். கிணறு உடையவனுக்கு மடைநீர் வேண்டியதில்லை. ஆகவே கரை காக்கவும் கால்வாய் தூர்வாரவும் அவன் வருவதில்லை. அவன் வாராதபோது கிணறற்ற ஏழை தனித்து என் செய்வான்? கண்மாய் மேடாயிற்று. இதிலுள்ள முரண் ஒன்று உண்டு. கண்மாயில் நின்ற நீர் நிலத்துள் ஊறியே கிணறுகள் நிரம்பின. கண்மாய் வறண்டபின் கிணறுகளும் ஆழத்திற்கு இறங்கின. கிணறும் கண்மாயும் ஒன்றையொன்று சார்ந்தும் ஒன்றையொன்று கெடுத்தும் நிற்பதைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பழனிசாமி, மினசோட்டாப் பேராசிரியர் ஈஸ்டர் முதலியோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். நகரின் உள்ளேயும் அயலிலுமோ கேடு வேறு வகையினது: கண்மாய்கள் சில கட்டடங்களாக மாறின, எஞ்சியவற்றின் வரத்துக்கால்கள் தெருக்களின் அடியில் மறைந்தன.

பழுதைச் சீர்செய்யும் முயற்சியும் இங்கேயே தோன்றியது. கண்மாய் உழவரை ஊர்தோறும் ஒன்றுசேர்க்கும் வயலகம் என்னும் பணி 1992 இல் தொடங்கிற்று. மதுரையில் 1997 இல் நிறுவப்பட்ட தானம் அறக்கட்டளை அதனை நடத்திவருகின்றது. செலவில் ஒரு பங்கை உழவரே ஏற்றல் வேண்டும் என்பது அதன் விதி. குடிமராமத்து என்ற பழம்பெயரைத் தாங்கிய திட்டம் ஒன்றை 2017 இல் தமிழ்நாட்டு அரசும் தொடங்கியது.

எனினும் பழமை அனைத்தும் பொன் என்று எண்ணுதல் கூடாது. வைகை, குண்டாற்றுப் பகுதிகளின் கண்மாய்களை ஊர்களிலேயே தங்கி ஆராய்ந்த டேவிட் மாஸ் என்னும் ஆங்கில அறிஞர் 2003 இல் வெளியிட்ட நூல் இதனைத் தெளிவாக்குகின்றது. கண்மாய்கள் சிற்றரசரின் அதிகாரத்தோடும் கோயில் மரியாதைகளோடும் சாதி ஏற்றத்தாழ்வோடும் பிணைந்தே நின்றன. மடையைத் திறந்து வயல்தோறும் நீர் கட்டிய நீர்பாய்ச்சிகள் பலர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். நீரின் அளவை ஊரில் எவரினும் நன்கு அறிந்தவர் அவர். ஊர்க்கூட்டத்தில் அவர் சொல்லுக்கு இடமிருந்ததோ குறைவு. குடிமராமத்தை மீண்டும் உயிர்ப்பிக்க முனைவோர், அதனோடு கட்டாய உழைப்பையும் உயிர்ப்பித்துவிடாதிருத்தல் வேண்டும். எது நிலைக்க வேண்டும் என்பதோடு யாருக்காக நிலைக்க வேண்டும் என்பதையும் கேளாத ஆய்வு, பிராண்டிஸ் காலத்துக் காட்டியலைவிட முன்னேறியதாகாது.

மதுரைக்கு வடகிழக்கே மேலூர் வட்டத்தில் அரிட்டாபட்டி என்னும் ஊர் உள்ளது. ஏழு பாறைக்குன்றுகளும், அவற்றிலிருந்து ஊறும் சுனைகளும், கண்மாய்களும், அரிய வல்லூறுகளும் உள்ள அவ்விடம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து, 2024 நவம்பரில், அப்பகுதியை உள்ளடக்கிய ஏறத்தாழ 2,000 எக்டேர் நிலத்தில் டங்ஸ்டன் தாது எடுக்கும் உரிமை ஏலம் விடப்பட்டது. எஃகை வலுப்படுத்தும் டங்ஸ்டன் நாட்டுக்கு இன்றியமையாத கனிமங்களுள் ஒன்றாக வகுக்கப்பட்டுள்ளது. அதன் தேவையை ஒருவரும் மறுக்க இயலாது. ஆனால் மேலூர்ச் சமவெளியோ, 1895 இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து திருப்பப்பட்டபின் நெல்வளம் பெற்ற நிலம். கீழே குமரப்பா கூறிய இருப்பு. மேலே அவர் கூறிய ஓட்டம். ஒன்றை எடுத்தால் மற்றொன்று தடைப்படும் என்று அஞ்சிய ஊர்மக்கள் கிராமசபைகளிற் கூடித் தீர்மானம் இயற்றினர். 2025 சனவரியில் பல்லாயிரவராய் மதுரைக்கு நடந்து வந்தனர். சட்டமன்றமும் முன்னரே எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. 2025 சனவரி 23 ஆம் நாள் மத்திய அரசு அவ்வேலத்தை நீக்கியது.

தாது பாறையினடியில் இருந்தவாறே இருக்கின்றது. அதன்மேல் உள்ள கண்மாய்களுக்குள் வண்டல் எவ்வளவு சேர்ந்துள்ளது, சுனைகள் எக்காலத்தில் எவ்வளவு நீர் தருகின்றன, கிணறுகள் ஆண்டுக்கு எத்தனை அடி இறங்குகின்றன என்பனவற்றை ஊராரும் ஆய்வாளரும் சேர்ந்து அளக்கவேண்டிய பணி இனிமேல்தான் உள்ளது.